பூட்டுவதா, குனிவதா? யோன்செய் பல்கலைக்கழகத்தின் கதை

அவையோருக்கு வணக்கம்.

கொரியாவில் கிறித்தவ மிஷனரிகள் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். அப்படிப்பட்டவை அங்கே பல இருக்கின்றன. மேரி ஸ்கிரான்டன் அம்மையார் 1886ல் ஒரே ஒரு மாணவியோடு தொடங்கிய ஈவா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. பியோங்யாங்கில் பிறந்து இன்று சியோலில் நடக்கிற சூங்சில் இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது யோன்செய். கொரியத் தொடர்கள் பார்க்கிறவர்களுக்குப் பெயர் பழக்கமாக இருக்கும். சியோல் தேசியப் பல்கலைக்கழகம், கொரியா பல்கலைக்கழகம், யோன்செய் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்கை’ என்பார்கள். இவற்றில் ஒன்றில் இடம் கிடைப்பதற்காகத்தான் அந்த நாட்டுப் பிள்ளைகள் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

தரவரிசைப் பெருமை பேச நான் வரவில்லை. என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது வேறொரு கேள்வி. அதிகாரம் வாசலில் வந்து நின்று, ‘நான் சொல்கிறபடி குனி, இல்லையென்றால் இழுத்துப் பூட்டு’ என்று சொன்னால் ஒரு கல்லூரி என்ன செய்யவேண்டும்? 1930களில் கொரியாவின் இரண்டு மிஷன் கல்லூரிகள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லின. ஒன்று பூட்டிக்கொண்டது, இன்னொன்று குனிந்தது. குனிந்ததுதான் இன்றைய யோன்செய். அந்த இடத்துக்கு வருவதற்கு முன் ஐம்பது வருடம் பின்னால் போகவேண்டும்.

ஹொரேஸ் ஆலன் என்ற 26 வயது அமெரிக்க டாக்டர் 1884 செப்டம்பரில் சியோலுக்கு வந்து சேர்ந்தார். பிரஸ்பிட்டேரியன் சபை அவரைச் சீனாவுக்குத்தான் அனுப்பியிருந்தது. அங்கே சரிப்பட்டு வராததால் கொரியாவுக்கு மாற்றிக்கொண்டார். கொரியாவில் அப்போது மதப் பிரசாரத்துக்கு அனுமதி கிடையாது. 1866ல் பிரெஞ்சுப் பாதிரிகளையும் ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர்களையும் கொன்று தீர்த்த நாடு அது. அதனால் ஆலன் மிஷனரி என்று வாய் திறக்கவில்லை. அமெரிக்கத் தூதரகத்து டாக்டர் என்ற பெயரில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வருடம் டிசம்பர் 4ஆம் தேதி இரவு, புதிதாகத் தொடங்கிய தபால் துறைக்காக ஒரு விருந்து நடந்தது. விருந்து வைத்தவர் துறைத் தலைவர் ஹோங் யோங்-சிக். அவரும் அவருடைய சீர்திருத்த நண்பர்களும் ஜப்பானின் ஆதரவை நம்பி அன்று இரவு ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். வெளியே தீ என்று கூச்சல் கேட்டது. என்னவென்று பார்க்கப் போன மின் யோங்-இக், இவர் ராணியின் நெருங்கிய உறவினர், வாள்வெட்டோடு ரத்தம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து விழுந்தார். அரசின் ஜெர்மன் ஆலோசகர் மொல்லன்டார்ஃபின் வீட்டுக்கு அவரைத் தூக்கிப் போனார்கள். ஆலன் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு டஜனுக்கு மேற்பட்ட நாட்டு வைத்தியர்கள் சூழ்ந்திருந்தார்கள். காயத்தில் கறுப்பு மெழுகை ஊற்றப்போகிற நேரம். அவர்களை விலக்கிவிட்டு, ரத்தக் குழாயைக் கட்டி, வெட்டுகளைத் தைத்து, மூன்று மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். நோயாளி செத்திருந்தால் நான் இன்று இந்த மேடையில் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன்.

ஆட்சிக் கவிழ்ப்பு மூன்றே நாளில் தோற்றது. சீனப் படை புகுந்தது. ஹோங் யோங்-சிக் கொல்லப்பட்டார், அவருடைய குடும்பமும் அழிந்தது. மின் பிழைத்துக்கொண்டார். கோஜோங் மன்னருக்கு ஆலன் மீது நம்பிக்கை பிறந்தது. மேலைநாட்டு முறையில் மருத்துவமனை ஒன்று வேண்டும் என்று ஆலன் மனு எழுத, மன்னர் இடம் கொடுத்தார். எந்த இடம் தெரியுமா? சூறையாடப்பட்டு, ரத்தக் கறையோடு கிடந்த ஹோங் யோங்-சிக்கின் வீடு. அவர் விருந்தில் வெட்டுப்பட்டவரைக் காப்பாற்றிய டாக்டருக்கு அவர் வீடே போய்ச் சேர்ந்தது. 1885 ஏப்ரல் 10ஆம் தேதி அது திறந்தது. முதலில் குவாங்ஹேவோன் என்று பெயர், இரண்டு வாரத்தில் ஜேஜுங்வோன் என்று மாற்றினார்கள். முதல் வருடத்திலேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் வந்தார்கள். மறுவருடம் அங்கேயே 16 பேரை வைத்து மருத்துவ வகுப்பும் தொடங்கியது. யோன்செய் தன் பிறந்த வருடம் என்று சொல்லிக்கொள்வது இந்த 1885ஐத்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். மிஷனரிகளின் கல்லூரி என்கிறோம், ஆனால் அது பிறந்தது அரண்மனையின் தயவில். டாக்டர் மிஷன் ஆள், கட்டடமும் செலவும் அரசுடையது, மதம் பேசக்கூடாது. ஆட்சியோடு ஒத்துப்போய்க் கதவைத் திறந்து வைக்கிற பழக்கம் இங்கே முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

மருத்துவமனை திறப்பதற்கு ஐந்து நாள் முன்னால், 1885 ஈஸ்டர் ஞாயிறன்று, இஞ்சியோன் துறைமுகத்தில் இரண்டு இளம் போதகர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் மெதடிஸ்டு சபையின் அப்பென்செல்லர். இன்னொருவர் பிரஸ்பிட்டேரியன் சபையின் ஹொரேஸ் கிராண்ட் அண்டர்வுட், 25 வயது, லண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அண்டர்வுட் டைப்ரைட்டர் கம்பெனியை நடத்திய ஜான் அண்டர்வுட் இவருடைய அண்ணன்தான். பிற்காலத்தில் கல்லூரிக்குப் பணம் வந்த முக்கியமான வழி அந்த டைப்ரைட்டர். தம்பி போதகராக வந்தாலும் போதிக்க முடியவில்லை. ஜேஜுங்வோன் மருத்துவ வகுப்புக்கு இயற்பியலும் வேதியியலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் 1893ல் வந்தார் ஆலிவர் ஏவிசன். கனடாவில் டொரான்டோவில் மருத்துவப் பேராசிரியராக இருந்ததை விட்டுவிட்டு வந்தவர். மறுவருடமே ஜேஜுங்வோனின் நிர்வாகம் அரசிடமிருந்து மிஷன் கைக்கு மாறியது. ஏவிசன் மன்னருக்கும் வைத்தியர். இவர் காலத்தில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

சியோலில் பார்க் என்றொரு கசாப்புக்காரர் இருந்தார். கசாப்புத் தொழில் செய்தவர்கள் அங்கே தனிச் சாதி. ‘பேக்ஜோங்’ என்பார்கள். ஊரோடு ஒட்டி வாழ முடியாது. பெரிய மனிதர்கள் அணிகிற குதிரைமயிர்த் தொப்பியை அணியக்கூடாது. அடுத்த சாதிச் சிறுவனிடம்கூடப் பணிந்துதான் பேசவேண்டும். இதையெல்லாம் இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. பார்க் என்ற வம்சப் பெயரைத் தவிர அந்த மனிதருக்குச் சொந்தப் பெயரே கிடையாது. அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. சாமுவேல் மூர் என்ற போதகர் ஏவிசனைக் கூட்டிக்கொண்டு போனார். மன்னரின் நாடியைப் பிடிக்கிற கை தன் வீட்டுக்கு வந்து தன் நாடியைப் பிடித்ததைப் பார்த்து அந்தக் கசாப்புக்காரர் ஆடிப்போனார். உடம்பு தேறியதும் தேவாலயத்துக்கு வரத் தொடங்கினார். ஞானஸ்நானத்தின்போதுதான் அவருக்குச் சோங்-சுன் என்று முழுப்பெயர் கிடைத்தது.

அவர் உள்ளே வந்ததும் உயர்குடியினர் முகம் சுளித்தார்கள். எங்களுக்குத் தனி இருக்கை போடுங்கள் என்று கேட்டார்கள். மூர் முடியாது என்றுவிட்டார். அவர்கள் எழுந்துபோய் வேறு இடத்தில் ஆராதனை நடத்திக்கொண்டார்கள். திரும்பி வந்து சேர்வதற்குச் சில வருடம் பிடித்தது. இதற்கிடையில் 1894 சீர்திருத்தத்தில் சாதி வேறுபாடு சட்டத்தில் ஒழிந்தது, காகிதத்தில் மட்டும். பார்க்கும் மிஷனரிகளும் விடாமல் மனுப்போட்டுத் தொப்பி அணியும் உரிமையை வாங்கினார்கள். அது கிடைத்த சந்தோஷத்தில் சிலர் இரவில்கூடத் தொப்பியைக் கழற்றாமல் படுத்தார்களாம். 1898 அக்டோபரில் சியோல் நகர நடுவில் அமைச்சர்களும் பொதுமக்களும் கூடிய பெருங்கூட்டத்தில் பேச எழுந்தவர்களில் இந்தப் பார்க் சோங்-சுன்னும் ஒருவர். ஒற்றைக்கால் பந்தல் நிற்காது, பல கால் ஊன்றினால்தான் உறுதி, நாடும் அப்படித்தான் என்ற பொருளில் பேசினார். கசாப்புக்காரர் அமைச்சர்களுக்குப் பாடம் சொன்ன நாள் அது.

அவருடைய மகன் பார்க் சோ-யாங்கை ஏவிசனிடம் கொண்டுவந்து விட்டார்கள். ஏவிசன் உடனே புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடவில்லை. தரையைப் பெருக்கவும் படுக்கை விரிக்கவும் விட்டுப் பார்த்தார். பையன் முகம் கோணாமல் செய்தான். பிறகுதான் படிப்பு.

படிப்பு என்றால் பாடப்புத்தகம் வேண்டுமே. உடற்கூற்று நூலைக் கொரிய மொழியில் கொண்டுவர ஏவிசனும் மாணவர் கிம் பில்-சுன்னும் பட்ட பாட்டைத் தனியாகவே ஒரு மணிநேரம் பேசலாம். முதல் கைப்பிரதி தொலைந்தது. மறுபடி செய்தது தீயில் போனது. ஜப்பானிய நூல் ஒன்றை எடுத்து மூன்றாவது தடவை உட்கார்ந்து 1906ல் அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு முறை இழந்த பிறகு மறுபடி உட்கார்கிறவனுக்குத்தான் நான் பட்டம் கொடுப்பேன்.

மருத்துவமனைக்குப் பணம் எப்படி வந்தது? 1900ல் நியூயார்க்கில் நடந்த உலக மிஷன் மாநாட்டில் ஏவிசன் பேசினார். பல சபைகளும் தனித்தனியாகச் சின்னச் சின்ன ஆஸ்பத்திரி வைப்பதைவிட ஒன்றாகச் சேர்ந்து நல்லதாக ஒன்று வைக்கலாம் என்பது அவருடைய வாதம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் லூயி செவரன்ஸ், ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியில் பொருளாளராக இருந்த கிளீவ்லாந்துக்காரர். பத்தாயிரம் டாலர் கொடுத்தார். பியோங்யாங் மிஷனரிகளுக்கு இது பிடிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி எதற்கு, பாதிப் பணத்தை ஊழியத்துக்குத் திருப்புங்கள் என்றார்கள். செவரன்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை, முழுப் பணமும் ஆஸ்பத்திரிக்குத்தான் என்றார். 1904ல் சியோலின் தெற்கு வாசலுக்கு வெளியே செவரன்ஸ் மருத்துவமனை எழுந்தது. சியோல் மிஷனுக்கும் பியோங்யாங் மிஷனுக்கும் இருந்த இந்த உரசலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

1908 ஜூன் 3ஆம் தேதி முதல் ஏழு பேர் பட்டம் பெற்றார்கள். கொரிய அரசு வழங்கிய மருத்துவ உரிமம் எண் 1 முதல் 7 வரை இவர்களுக்குத்தான். கசாப்புக்காரர் மகன் பார்க் சோ-யாங்கும் கிம் பில்-சுன்னும் அந்த ஏழில் உண்டு. மேடையில் நின்று சான்றிதழ் கொடுத்தவர் யார்? இத்தோ ஹிரோபுமி. கொரியாவை ஜப்பானின் பிடிக்குள் கொண்டுவந்த ரெசிடென்ட் ஜெனரல், அதாவது கொரியாவில் ஜப்பானின் தலைமைப் பிரதிநிதி. சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார். மறுவருடம் அவரை ஹார்பின் ரயில் நிலையத்தில் ஒரு கொரியர் சுட்டுக் கொன்றார். சான்றிதழ் வாங்கிய ஏழு பேரில் பலர் பின்னாளில் விடுதலை இயக்கத்தில் இறங்கினார்கள். கிம் பில்-சுன் மஞ்சூரியாவுக்குத் தப்பிப் போய் அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டே போராளிகளுக்கு உதவினார். பார்க் சோ-யாங் சில வருடம் செவரன்ஸில் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். மாணவர்கள் சாதியைச் சொல்லிக் கேலி செய்தபோது, என் உடம்பில் ஓடும் ஐந்நூறு வருடக் கசாப்பு ரத்தத்தைப் பார்க்காதீர்கள், அறிவியல் ரத்தத்தைப் பாருங்கள் என்று சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. பிறகு அவரும் எல்லை தாண்டிப் போய் அங்கே குடியேறிய கொரியர்களுக்காக மருத்துவமனையும் பள்ளியும் நடத்தினார். 2008ல்தான் அரசு அவரை விடுதலைப் போராட்ட வீரராக அங்கீகரித்தது.

சரி, இதுவரை பாதிக் கதை. யோன்செயின் மறுபாதி கலைக் கல்லூரி.

அண்டர்வுட்டுக்குச் சியோலில் ஒரு பெரிய கல்லூரி வேண்டும். கொரியாவில் இருந்த பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகளில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். பியோங்யாங்கில் சூங்சில் இருக்கிறது, அதுவே போதும் என்பது அவர்கள் பக்கம். வெறும் ஊர்ச் சண்டை இல்லை இது. பியோங்யாங்காரர்கள் கல்லூரி என்பது கிறித்தவப் பிள்ளைகளை ஊழியத்துக்குத் தயார் செய்கிற இடம் என்றார்கள். அண்டர்வுட்டோ கிறித்தவரல்லாத பிள்ளைகளும் வரட்டும், வணிகமும் அறிவியலும் படிக்கட்டும் என்றார். வாக்கெடுப்பில் அண்டர்வுட் தோற்றார். ஆனால் நியூயார்க் தலைமை அவர் பக்கம் நின்றது. களத்தில் இருக்கிறவர்கள் ஒன்று சொல்ல, பணம் இருக்கிற இடம் வேறொன்று சொன்னால் எது நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். 1915ல் சியோல் இளைஞர் கிறித்தவ சங்கக் கட்டடத்தில் கல்லூரி தொடங்கியது. அண்டர்வுட் மறுவருடமே அமெரிக்காவில் காலமானார். ஏவிசன் செவரன்ஸையும் இதையும் சேர்த்துத் தலையில் சுமந்தார். 1917ல் ‘யோன்ஹி’ என்ற பெயரில் அரசு அங்கீகாரம் கிடைத்தது. ‘பல்கலைக்கழகம்’ என்று பெயர் வைக்க, அப்போது கொரியாவை ஆண்டுகொண்டிருந்த ஜப்பானிய அரசு விடவில்லை. 1924ல் தொடங்கிய தன்னுடைய இம்பீரியல் பல்கலைக்கழகம் ஒன்றுதான் கொரியாவில் இருக்கவேண்டும் என்பது அதன் எண்ணம். மற்றவை ‘சிறப்புப் பள்ளி’ மட்டுமே.

சின்சோன் பகுதியில் பைன்மரக் காட்டை வாங்கிக் கட்டடங்கள் எழுப்பினார்கள். ஸ்டிம்சன் கட்டடம் 1920ல் முடிந்தது. கொடி படர்ந்த அந்தக் கல் கட்டடங்களைத்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கிறார்கள். 1919ல் முதல் அணியில் பட்டம் பெற்ற லீ வோன்-சுல் மிச்சிகன் போய், 1926ல் வானியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கொரியர் அவர்தான். திரும்பி வந்து கல்லூரிக் கூரையில் தொலைநோக்கி வைத்தார்.

1919 என்றதும் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக நடந்த மார்ச் 1 எழுச்சியைச் சொல்லாமல் தாண்ட முடியாது. விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் செவரன்ஸ் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்த லீ காப்-சோங் ஒருவர். அங்கே நுண்ணுயிரியல் கற்பித்த ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு, போலியோவால் கால் ஊனமானவர், கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஏப்ரல் 15ல் ஜேயாம்-ரி என்ற கிராமத்தில் ஜப்பானியப் படை ஆண்களைத் தேவாலயத்துக்குள் கூட்டிவைத்துச் சுட்டுத் தீ வைத்தது. ஸ்கோஃபீல்டு பாதி தூரம் ரயிலிலும் மீதி தூரம் சைக்கிளிலும் போய்ப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டினார். 1970ல் சியோலில் இறந்தபோது அவரைத் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

இனி 1935. ஜப்பானிய அரசு கொரியப் பள்ளி மாணவர்கள் அனைவரும் ஜப்பானின் மரபு மதமான ஷின்டோவின் ஆலயங்களுக்குப் போய் வணங்கவேண்டும் என்று நெருக்கத் தொடங்கியது. இது மதமல்ல, நாட்டுக்குச் செய்யும் மரியாதை என்று விளக்கமும் கொடுத்தது. பியோங்யாங்கில் ஆளுநர் கல்வியாளர்களைக் கூட்டினார், வணங்கிவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கலாம் என்றார். சூங்சில் கல்லூரித் தலைவர் ஜார்ஜ் மெக்கூன் மறுத்தார். முதல் கட்டளையே ‘என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்’ என்பது, இதில் விளக்கத்துக்கு இடமில்லை. 1936 ஜனவரியில் அவருடைய பதவியைப் பறித்து நாட்டைவிட்டுப் போகவைத்தார்கள். 1938ல் சூங்சில் கதவை மூடியது.

சியோலில் யோன்ஹியின் தலைவராக 1934 முதல் இருந்தவர் ஹொரேஸ் ஹோர்ட்டன் அண்டர்வுட், நிறுவனரின் மகன். சியோலிலேயே பிறந்தவர், கொரிய மொழியைத் தாய்மொழி போலப் பேசியவர். அவர் எடுத்த முடிவு வேறு. அரசு இதை மதமல்ல என்கிறது, அந்த வார்த்தையை ஏற்றுக்கொண்டு மாணவர்களை அனுப்புவோம், பள்ளியை மூடினால் அதே பிள்ளைகள் ஜப்பானியப் பள்ளிக்குப் போய் அங்கேயும் வணங்கத்தான் போகிறார்கள். இது அவருடைய கணக்கு. மெதடிஸ்டுகள் ஏற்கெனவே ஒத்துப்போயிருந்தார்கள், 1936ல் வாத்திகனும் அனுமதித்தது. ஆனால் அவருடைய சொந்த மிஷன் அவரைக் கோழை என்பது போலப் பார்த்தது, பள்ளிக் கல்வியிலிருந்தே விலகத் தீர்மானித்தது. பல சபைகளின் கூட்டு நிறுவனமாக இருந்ததால் யோன்ஹி தப்பித்தது.

யார் சரி? இங்கே ஒரு மாணவனைக் கொண்டுவருகிறேன்.

யுன் தோங்-ஜு. 1917ல் மஞ்சூரியாவில் கொரியர் குடியேறிய மிங்தோங் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1935ல் பியோங்யாங் போய், மெக்கூன் நடத்திய சூங்சில் நிறுவனத்தின் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தார். ஆலய வணக்கச் சிக்கல் வெடித்ததும் 1936ல் பள்ளியை விட்டு ஊர் திரும்பிவிட்டார். வணங்க மறுத்த பக்கம் நின்ற பிள்ளை. 1938ல் கல்லூரி சேரவேண்டிய நேரம். சூங்சில் அதே வருடம் மூடிவிட்டது. அவர் எங்கே போய்ச் சேர்ந்தார்? குனிந்து கதவைத் திறந்து வைத்திருந்த யோன்ஹியில்.

கொரிய இலக்கணத்தின் பெரும்புலவர் சோய் ஹியோன்-பே அங்கே பேராசிரியர். அரசு பள்ளிகளில் கொரிய மொழிப் பாடத்தை ஓரங்கட்டிக்கொண்டிருந்த அதே வருடத்தில், ஒரு கிறித்தவக் கல்லூரி வகுப்பறையில் அந்த இளைஞன் தன் மொழியின் இலக்கணத்தை அதன் முதன்மையான அறிஞரிடமே கேட்டான். சோயும் நெடுநாள் நிம்மதியாக இருக்கவில்லை. 1938லேயே கைதாகி வேலை போனது. 1942ல் கொரிய மொழிக் கழக வழக்கில் மறுபடி பிடித்து, விடுதலை வரும்வரை சிறையில் வைத்தார்கள். அகராதி தொகுத்தது குற்றம்.

யுன் பின்சன் கட்டடத்து விடுதியில் தங்கிக் கவிதை எழுதினார். 1941 இறுதியில் பட்டம் பெறும்போது 19 கவிதைகளைத் தேர்ந்து வெளியிட நினைத்தார். தணிக்கைக்குப் பயந்து ஆசிரியர் ஒருவர் இப்போது வேண்டாம் என்று தடுத்தார். கையாலேயே மூன்று பிரதி எழுதினார். ஒன்று தனக்கு, ஒன்று அந்த ஆசிரியருக்கு, ஒன்று கீழ்வகுப்பு நண்பர் ஜோங் பியோங்-உக்குக்கு. மேல்படிப்புக்கு ஜப்பான் போகப் பயணச் சான்று வேண்டும், அதற்கு ஜப்பானியப் பெயர் வேண்டும். 1942 ஜனவரியில் ஹிரானுமா என்று தன் பெயரை மாற்றி, கல்லூரியில் எழுதிக்கொடுத்தார். வணங்க மறுத்துப் பள்ளியை விட்ட பிள்ளை ஆறு வருடம் கழித்துத் தானும் குனிந்தார். அந்தப் படிவத்தைக் கொடுப்பதற்கு ஐந்து நாள் முன்னால் எழுதிய கவிதை வெட்கத்தைப் பற்றியது. 1943 ஜூலையில் கியோட்டோவில் கைது. 1945 பிப்ரவரி 16ல் ஃபுகுவோகா சிறையில் மரணம், வயது 27. விடுதலைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

மூன்று பிரதிகளில் ஒன்றுதான் மிஞ்சியது. ஜோங்கைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது அவர் அதைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். தெற்குக் கடலோரத்துக் குவாங்யாங்கில் அந்த அம்மா தரைப் பலகையைப் பெயர்த்து அடியில் ஒளித்து வைத்தார். 1948ல் அது புத்தகமானது. இன்று கொரியாவில் அவருடைய கவிதை தெரியாமல் பள்ளி முடிக்கிற பிள்ளை கிடையாது. பின்சன் கட்டடம் அவருடைய நினைவகமாகிவிட்டது.

இதைச் சொன்னவுடன் அண்டர்வுட் பக்கமே நியாயம் என்று தோன்றும். எனக்கும் சாய்வு அந்தப் பக்கம்தான். ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்கவேண்டும். குனிந்து சம்பாதித்த காலம் எவ்வளவு? சுமார் ஆறு வருடம். 1941 டிசம்பரில் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டதும் அண்டர்வுட்டைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள், மறுவருடம் நாடு கடத்தினார்கள். 1942ல் யோன்ஹி எதிரிச் சொத்து என்று பறிமுதலானது. 1944ல் பெயரையே அழித்துத் தொழில் நிர்வாகப் பள்ளி ஆக்கினார்கள். செவரன்ஸுக்கு அசாஹி என்று ஜப்பானியப் பெயர் வைத்தார்கள். 1928ல் நிறுவிய மூத்த அண்டர்வுட்டின் சிலைகூடப் போருக்கு உலோகம் என்று போய்விட்டது. கல்லூரியின் கொரியப் பெரியவர்கள் சிலர் அந்த வருடங்களில் ஜப்பானுக்கு ஆதரவாகப் பேசியும் எழுதியும் தொலைத்தார்கள். பின்னாளில் யோன்செயின் முதல் தலைவரான பேக் நாக்-ஜுன்னின் பெயர் 2009ல் வெளிவந்த ஜப்பான் ஆதரவாளர் அகராதியில் இருக்கிறது. குனிகிறவர்கள் எந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதை அவர்களே முடிவு செய்ய முடிவதில்லை.

மறுபக்கம் ஜு கி-சோல் என்ற போதகரைப் பாருங்கள். 1916ல் இதே கல்லூரியில் வணிகம் படிக்கச் சேர்ந்து, கண்நோயால் பாதியில் நின்றவர். ஆலய வணக்கத்தை மறுத்து 1944ல் பியோங்யாங் சிறையில் செத்தார். கொரியத் திருச்சபை இன்று யாரைத் தியாகி என்று கொண்டாடுகிறது? அவரைத்தான். அந்தப் பெருமையை மறுக்க எனக்கு மனமில்லை. அதே நேரம், 1938ல் எல்லாரும் பூட்டியிருந்தால் யுன் எங்கே படித்திருப்பார் என்ற கேள்வியும் என்னை விடவில்லை.

விடுதலைக்குப் பிறகு கல்லூரி திறந்தது, 1946ல் பல்கலைக்கழகம் என்ற பெயரும் கிடைத்தது. அதன் பின்னும் அமைதி இல்லை. 1949 மார்ச்சில் அண்டர்வுட்டின் மனைவி எத்தலை இடதுசாரி இளைஞர்கள் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். 1950ல் கொரியப் போர். அமெரிக்க மரைன் படை சியோலை மீட்கப் போரிட்டபோது வளாகத்தைச் சுற்றிய குன்றுகள்தான் களம். வகுப்புகள் பூசானுக்கு ஓடின. அண்டர்வுட் 1951ல் அங்கேயே காலமானார். அவருடைய மகன் போர்நிறுத்தப் பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தார். 1948ல் மறுபடி வைத்த சிலையும் போரில் போனது. இப்போது நிற்பது 1955ல் வைத்த மூன்றாவது சிலை.

1957 ஜனவரியில் யோன்ஹியும் செவரன்ஸும் இணைந்தன, இரண்டு பெயரிலிருந்தும் ஒவ்வொரு அசையை எடுத்து யோன்செய் ஆனது. மிஷன்காரர்கள் இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்திருப்பார்கள். 1960 ஏப்ரலில் மாணவர் புரட்சி அதிபர் சிங்மான் ரீயின் ஆட்சியைக் கவிழ்த்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள், நவம்பரில், ஆசிரியர்களை நீக்கிய தகராறில் யோன்செய் மாணவர்கள் தற்காலிகத் தலைவராக இருந்த அண்டர்வுட்டின் வீட்டில் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். நிறுவனரின் பேரன், மூன்றாம் தலைமுறை. எனக்கு இந்த நிகழ்ச்சி மிக முக்கியமாகப் படுகிறது. இது உங்கள் கல்லூரி இல்லை, எங்கள் கல்லூரி என்று மாணவர்கள் முரட்டுத்தனமாகச் சொன்ன நாள் அது. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகும் நாற்பது வருடத்துக்கு மேல் அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

1987 ஜூன் 9. யோன்செய் நுழைவாயில். ராணுவ ஆட்சிக்கு எதிராக ஊர்வலம் புறப்பட்ட மாணவர்கள்மீது போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு சுட்டது. வணிக நிர்வாகம் இரண்டாம் ஆண்டு படித்த லீ ஹான்-யோலின் பின்தலையில் ஒன்று பாய்ந்தது. சக மாணவர் ஒருவர் அவரைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்க, நெற்றியில் ரத்தம் வழியத் தலை சாய்ந்திருக்கும் அந்தப் புகைப்படம் நாடு முழுக்கப் பரவியது. செவரன்ஸ் மருத்துவமனையில் படுத்திருந்தார். உடலைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று மாணவர்கள் இரவும் பகலும் மருத்துவமனையைக் காவல் காத்தார்கள். ஜூன் 29ல் அரசு இறங்கி வந்து நேரடித் தேர்தலுக்கு ஒப்புக்கொண்டது. ஜூலை 5ல் லீ இறந்தார். 1930களில் அரசு கேட்டதைக் கொடுத்து உயிர்பிழைத்த கல்லூரியின் வாசலில், அரசு கேட்டதைக் கொடுக்க மறுத்து ஒரு மாணவன் விழுந்தான்.

இன்று அங்கே கிறித்தவம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நிர்வாகக் குழுவுக்கு ஆள் அனுப்ப சபைகளுக்கு இருந்த உரிமையை 2011ல் விதி திருத்தி எடுத்துவிட்டார்கள். சபைகள் கொதித்து நீதிமன்றம் வரை போயின. ஆனால் வழிபாட்டு வகுப்பு இருக்கிறது. எந்த மதத்துப் பிள்ளையானாலும், மதமே இல்லாத பிள்ளையானாலும், நான்கு பருவம் சேப்பல் என்கிற அந்த வழிபாட்டு வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால்தான் பட்டம்.

பியோங்யாங்கில் பூட்டிக்கொண்ட சூங்சில் 1954ல் சியோலில் மறுபடி திறந்தது என்று சொன்னேனா? அங்கேயும் இதே விதி, ஆறு பருவம். சேப்பலுக்குப் போகாததால் பட்டம் மறுக்கப்பட்ட மாணவர் ஒருவர் வழக்குப் போட்டார். 1998ல் உச்சநீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. விசுவாசத்தைத் திணிக்காத வரைக்கும் தனியார் பல்கலைக்கழகம் வருகையைக் கட்டாயமாக்கலாம் என்றது. உட்கார்ந்துவிட்டுப் போ, நம்பவேண்டாம் என்பதுதான் சாரம். 1935ல் ஜப்பானிய ஆளுநர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: வணங்கிவிட்டுப் போ, இது மதமல்ல. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றில் பின்னால் சிறை இருந்தது, இன்னொன்றில் போவது பட்டம் மட்டும்தான். ஆனாலும் அந்த வழக்கில் மெக்கூன் எந்தப் பக்கம் சாட்சி சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மாணவர் பக்கம்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன். உங்களில் யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் கேள்வி நேரத்தில் பேசுவோம். நன்றி.